சேலைக்கரடு செய்த சீர்

சேலைக்கரடு ஒத்தவேம்பூருக்கு வந்ததற்கும் திரும்பிப் போனதற்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் ஊர் இன்றைக்கும் ஒரே பெயரைத்தான் சொல்லும், உரக்கடை தவசிராஜன் மகள் சுடர்க்கொடி என்று. போனதற்கு அவள்தான் பொறுப்பு, அதை அவள் மறுத்ததே இல்லை, ஆனால் வந்ததற்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? கரட்டைக் கூப்பிட்டது அவள் அப்பா, அதுவும் வரவேண்டும் என்று நினைத்துக் கூப்பிட்டதில்லை, நாம் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரிதான், வாய் வார்த்தைக்கு, பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கூப்பிட்டது.

பாடப்புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று மஞ்சளும் சிவப்புமாகப் படம் போட்டிருப்பார்கள், அப்படி ஒரு மரத்தை ஒத்தவேம்பூரில் யாரும் கண்டதில்லை. அங்கே ஐப்பசி தலைகாட்டினால் மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை, வானம்தான் வெயிலை உதிர்த்துவிட்டு இளைத்துப்போய் நிற்கும், தோலில் ஒரு சிலிர்ப்பு ஓடும், சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும். அந்த நாட்களில் தவசிராஜன் ஆயுத பூஜை முடித்துக் கடையைப் பூட்டிவிட்டு, மனைவி வீருசின்னம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மனைவி பிறந்த கீழச்சோலைக்கு மூன்று நாள் போவார். வீருசின்னம்மாவுக்கு அங்கே அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் யாரும் இல்லை, பெரியப்பா மகள் வீட்டில்தான் தங்குவார்கள். மறுநாள் விடிந்ததும் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பின்னால் நிற்கும் சின்ன மலையான சேலைக்கரட்டில் ஏறுவார்கள். உச்சியிலிருந்து ஓர் ஓடை காயப்போட்ட சேலை மாதிரி இறங்குவதால் அந்தப் பெயர். வீட்டில் ஒரு நிமிஷம் உட்காராத வீருசின்னம்மா அங்கே ஓடையில் காலை விட்டுக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள், தவசிராஜன் பாறையில் மல்லாந்து படுத்து ராகம் தெரியாமல் பாடுவார், மதுரையில் விடுதியில் தங்கி எம்.ஏ. படிக்கும் சுடர்க்கொடி, எதற்கெடுத்தாலும் ‘அது எப்படி?’ என்று மல்லுக்கு நிற்கும் சுடர்க்கொடி, அந்த ஒரு நாள் மட்டும் யாரோடும் எதையும் வாதாடாமல் நெல்லிக்காய் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

கிளம்பும்போது தவசிராஜன் எல்லோரையும் கூப்பிடுவார். மச்சினியைக் கூப்பிடுவார், டீக்கடைக்காரரைக் கூப்பிடுவார், முன்பின் தெரியாத ஆடு மேய்ப்பவரைக் கூப்பிடுவார், “ஒருக்கா நம்ம வீட்டுக்கு வரணும், வராம இருக்கப்படாது.” அந்த வருஷம் பேருந்து வரத் தாமதமானதால் கூப்பிட வேறு ஆள் இல்லாமல் கரட்டைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். “நாங்களே வருசா வருசம் வந்துக்கிட்டிருக்கோம், நீங்க ஒரு தடவையாச்சும் வரணும்ல? தீபாவளிக்கு வாங்க.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கரடு சிரிக்கவில்லை. அதைக் கூப்பிட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வீருசின்னம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது அடுப்பங்கரைக்குள் வெளிச்சம் குறைந்தது. எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் களத்துக்கும் கண்மாய்க்கும் நடுவே கிடந்த தரிசில் சேலைக்கரடு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, முதல் முறை ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதைப் போல, காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், எதையும் இடித்துவிடக் கூடாதே என்ற கூச்சத்தோடு, மேய்ந்துகொண்டிருந்த இரண்டு வெள்ளாடுகளையும் இறக்கிவிட மறந்து கூடவே கூட்டிக்கொண்டு. வீருசின்னம்மா முறுக்குக் குழலை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்து, “வாங்க, வாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் புருஷனை எழுப்பினாள்.

“எந்திரிங்க. கூப்டீங்கள்ல, வந்துருக்கு.”

“யாரு?”

“எங்க ஊருக் கரடு.”

தவசிராஜன் எழுந்து பார்த்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “சொல்லிட்டு வந்திருக்கலாம்ல, பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்” என்றார். பிறகு காபி கொடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. ஒரு குடம் போட்டு அடிவாரத்தில் ஊற்றினார்கள்; மண் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டது. சர்க்கரை போதுமா என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தெருவில் யாரும் கரடு எப்படி வந்தது என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான், கரடு என்ன முறை? முறை தெரியாமல் எப்படிப் பேசுவது, எதிரே போகும்போது எப்படி ஒதுங்குவது? எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் இடுப்பில் கை வைத்து முதலில் தீர்ப்புச் சொன்னாள். “பேருலயே சேலை இருக்கு. பொம்பளைதான். கூப்புட்டது தவசி, அதனால தவசிக்கு அக்கா முறை வேணும்.”

“அது எப்படி அத்தே?” என்றாள் சுடர்க்கொடி. “பேருல சேலை இருந்தா பொம்பளையா? உங்க வீட்டு மாமா பேரு மீனாட்சிசுந்தரம், அவரு பொம்பளையா?”

தெரு சிரித்தது. மீனாட்சிசுந்தரமும் சிரித்தார், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“எங்கம்மா பிறந்த மண்ணுல இருந்து எங்கம்மா வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்திருக்கு” என்று அவள் விடாமல் பேசினாள், ஒரு கை விரலை மறு கையால் மடக்கி மடக்கி. “எங்கம்மா கால் ஊனத் தெரியாத வயசுலருந்து அது மேலதான் ஏறி வளர்ந்திருக்கா. கூடவே வளர்ந்தது கூடப்பிறந்ததா இல்லையா? அப்ப எனக்குத் தாய்மாமன். வேற என்ன முறை சொல்லுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்.”

சுடர்க்கொடியின் சடங்கின்போது தாய்மாமன் உட்கார வேண்டிய நாற்காலி காலியாகக் கிடந்ததையும், வீருசின்னம்மா பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் கிழங்குகூட வரவில்லை என்று புருஷன் வீட்டார் பந்தியிலேயே பேசியதையும் எல்லோரும் அறிவார்கள். வீருசின்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கரட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் கிராம நிர்வாக அதிகாரி பேரேட்டோடு வந்தார். தரிசு அரசாங்கத்துடையது, அதன் மேல் எது உட்கார்ந்தாலும் அரசாங்கத்துடையது என்றார்.

“சார், உங்க மச்சான் ஊர்லருந்து வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா அவரும் அரசாங்கச் சொத்தா?”

அதிகாரி பேனாவால் காதைக் குடைந்தார். “இதுக்குன்னு படிவத்துல கட்டம் இல்லையேம்மா.”

“உறவினர்னு ஒரு கட்டம் இருக்குல்ல. அதுல எழுதுங்க.”

அவர் எழுதினார். மேற்படி கரடு மேற்படி வீருசின்னம்மாளுக்கு உடன்பிறந்த முறை என்றும், அதன் நல்லது கெட்டது அனைத்துக்கும் மேற்படியாரே பொறுப்பு என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். இனி எவனும் இதில் கை வைக்க முடியாது என்று சுடர்க்கொடி நெஞ்சு நிமிர்த்தினாள். அவள் வாழ்க்கையில் ஜெயித்த வாதங்களிலேயே பெரியது அதுதான். அந்த வாதத்தில் தோற்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிறகு வந்த நாட்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள முடியுமானால் ஒத்தவேம்பூர் மாதிரி கொடுத்துவைத்த ஊர் கிடையாது. கதவைத் திறந்தால் மலைக்காற்று, கொடியில் துணி எடுக்கப் போனால் அருவிச் சத்தம், பெட்டிக்குள் இருபது வருஷமாகக் கிடந்த ஸ்வெட்டர்களுக்கு ஒரு வேலை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்தவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஓடைக்குப் போனார்கள், பலகாரத்தைப் பாறையில் பரப்பி வைத்துத் தின்றார்கள், பத்து வருஷமாக வராத சொந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து சாயங்காலமே போகிறோம் என்று சொல்லிவிட்டு நான்கு நாள் தங்கியது, மாமியாரும் மருமகளும் ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே அதிரசத்தைப் பிட்டுத் தின்றதை ஊரே பார்த்தது. வீருசின்னம்மா வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பிற்பகலில் காலை நீட்டிக் கரட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, “அண்ணே” என்று ஆரம்பித்து மெல்லிய குரலில் என்னென்னவோ பேசுவாள். சுடர்க்கொடி “மாமா” என்பாள். கரடு வெயில் படாமல் கொஞ்சம் நகர்ந்து நிழல் கொடுக்கும்.

கரடு வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் ஊர் கவனித்தது. தேனடை இருந்தது, நெல்லி இருந்தது, காட்டு எலுமிச்சை இருந்தது. வந்தவர்கள் கொண்டுவந்ததை எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் மனம் வருத்தப்படும் என்று பஞ்சவர்ணம்தான் முதலில் கூடையோடு ஏறினாள். சுடர்க்கொடியும் தேன் தின்றாள். விரலை நக்கிக்கொண்டு தின்றாள். அடுத்து விறகு. அடுத்து ஓடைத் தண்ணீருக்குக் குழாய். ஒவ்வொன்றுக்கும் கரடு தன் உடம்பைச் சாய்த்துக் கொடுத்தது, எட்டாத கிளையைத் தாழ்த்தியது, தண்ணீரைக் குழாய்ப் பக்கம் திருப்பிவிட்டது.

விடுமுறை முடிந்து மதுரைக்குக் கிளம்பிய அன்று சுடர்க்கொடிக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. “அம்மா, மாமாவ யார் கையிலயும் விட்டுறாத.”

“உனக்கு மாமன்னா எனக்கு அண்ணன்டி” என்றாள் வீருசின்னம்மா. “நீ சொல்லித்தான் நான் பாக்கணுமா? போய்ப் படிக்கிற வேலையப் பாரு தாயி.”

உலகத்தில் சுடர்க்கொடி எதிர்க்கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஆள் அவள் அம்மா. அப்பாவிடம் சான்று கேட்பாள், பேராசிரியர்களிடம் அடிக்குறிப்புக் கேட்பாள், அம்மாவிடம் மட்டும் ‘சரி’ என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசினார்கள். மாமா எப்படி இருக்கிறார் என்றால், நல்லா இருக்கார், உன்னைக் கேட்டார் என்பாள் அம்மா. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு நடுவே தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னம்மா அது?”

“பசங்க தீபாவளி மிச்சத்தைக் கொளுத்துறாங்க.”

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது, ஒன்றல்ல, வரிசையாக நான்கு. “இன்னுமா வெடி மிச்சம் இருக்கு?” என்றாள். “இந்த வருசம் எல்லாரும் நிறைய வாங்கிட்டாங்க” என்றாள் அம்மா. சுடர்க்கொடி ‘சரி’ என்றாள்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் வந்தபோது பேருந்து நிறுத்தத்திலேயே நாக்கில் புழுதி நெறுநெறுத்தது. ஓடாமல் நடந்துதான் போனாள். ஓடினால் தான் எதையோ நினைத்துவிட்டதாக ஆகிவிடுமே. களத்தைத் தாண்டியதும் பார்த்தாள். கரட்டின் கிழக்குப் பக்கம் இல்லை. சோற்றுப் பானையில் கரண்டி விட்டு வழித்த மாதிரி, உச்சி முதல் அடி வரை வெள்ளையாக, பச்சைப் புண்ணாக அறுந்து கிடந்தது. கம்பிகள் குத்திய துளைகள் வரிசை வரிசையாக. அடியில் பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷர் நடத்தும் அய்யணனின் இயந்திரம், அதன் வாயிலிருந்து கொட்டும் சல்லி. இத்தனைக்கும் நடுவே கரடு என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? வெட்டுகிறவர்களுக்கு வாகாக இருக்கட்டும் என்று அறுபட்ட பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டு வாசலில் சல்லி குவிந்திருந்தது. மேலே மாடிக்குத் தூண் எழும்பியிருந்தது. அம்மா தூணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எதும்மா தீபாவளி மிச்சம்?” என்றாள் சுடர்க்கொடி.

வீருசின்னம்மா வாளியைக் கீழே வைத்தாள். முகத்தில் பயம் இருந்தது, ஆனால் வெட்கம் இல்லை. “சொன்னா வந்து சண்டை போடுவ. பரீட்சை நேரம்.”

“யார் கையெழுத்துப் போட்டது?”

“நாந்தான். ‘உங்க அண்ணன்தான, நீங்களே போடலாம்’னு அந்த அதிகாரியே சொன்னாரு. நீ எழுத வச்ச தாளுதான்.”

அப்பா உள்ளிருந்து வந்தார். “பாப்பா, மாடி யாருக்கு? உனக்குத்தான். தாய்மாமன் இருக்கறப்ப சீரு வேற யாரு செய்வா? ஊர்ல எல்லாரும்தான் ஆளுக்கு ஒரு லோடு எடுத்திருக்காங்க, நம்ம மட்டும் வேணாம்னா அது அவருக்கு மரியாதையா?”

“அப்பா, அது அவரோட உடம்பு!”

“அண்ணன் வாயத் தொறந்து வேணாம்னு சொன்னாரா?” என்றாள் வீருசின்னம்மா. “சொல்லு. ஒரு பாறைய உருட்டி விட்டுருந்தா அய்யணன் அன்னைக்கே ஓடியிருப்பான். அவரே திரும்பிக் குடுக்கறாரு. இருபத்தஞ்சு வருசம் இந்த வீட்டுல வெறுங்கைக்காரியா இருந்திருக்கேன்டி. என் பக்கத்துலருந்து இன்னைக்குத்தான் சீர் வந்து வாசல்ல இறங்கியிருக்கு, வண்டி வண்டியா, ஊரு பாக்க. உனக்கு என்ன தெரியும்?”

சுடர்க்கொடிக்குப் பதில் இருந்தது, ஒன்பது பதில் இருந்தது. அம்மா சொல்வதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் அடித்து நொறுக்கியிருப்பாள்.

களத்துக்குத் திரும்பி நடந்தாள். வெட்டுகிறவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கரட்டின் மிச்சப் பக்கத்தில் கையை வைத்தாள். “மாமா, கிளம்புங்க. இவங்க உங்களை முழுசா தின்னுருவாங்க. மாடியோட நிக்காது, கடை வரும், ரோடு வரும், பக்கத்து ஊர்க்காரன் வருவான். கிளம்புங்க மாமா.” தன் கட்சியை முதலிலிருந்து கடைசி வரை எடுத்து வைத்தாள், கெஞ்சினாள், கணக்காகப் பேசினாள், உதாரணம் சொன்னாள். கரடு அவளுக்கு வெயில் படாமல் கொஞ்சம் நகர்ந்து நிழல் கொடுத்தது. தங்கை வீட்டில் சீர் பாதியில் நிற்கும்போது எந்த அண்ணன் எழுந்து போவான்?

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இதை வாதத்தால் ஜெயிக்க முடியாது என்று. உறவால் வந்ததை உறவை வெட்டித்தான் அனுப்ப முடியும் என்று. சல்லிக் குவியலில் ஏறி நின்றாள். தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, அவள் வாயில் அதுவரை யாரும் கேட்காத ஒரு குரலில், ‘நீங்க’ என்பதை விட்டுவிட்டுப் பேசினாள்.

“ஏய், இது என்னய்யா சீரு? எங்க வீட்டு அந்தஸ்து என்ன, நீ கொண்டு வந்தது என்ன? கல்லு! வெறும் கல்லு! பொட்டித் தங்கம் கொண்டு வர்றவனெல்லாம் வாசல்ல நிக்கிறான், நீ கல்லக் கொட்டிட்டு நாற்காலி போட்டு உக்காந்திருக்க. ஒரு பேச்சுக்குக் கூப்டா ஒட்டிக்கிறதா? எங்கம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் எவனும் கிடையாது. அவ ஒத்தைப் பிள்ளை. நீ யாரு எங்களுக்கு? இன்னும் எத்தனை நாளைக்கு இங்க உக்காந்து திம்ப?”

சோற்றில் கை வைத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். வாசலில் வந்து நின்ற வீருசின்னம்மாவின் கையிலிருந்து வாளி விழுந்தது. கரட்டில் ஓடை நின்றது, ஒரு மூச்சு நேரம், பேச்சின் நடுவே அவமானப்பட்டவன் வாய் மூடிக்கொள்வது போல. பிறகு அது எழுந்தது. அவசரப்படவில்லை, எதையும் இடிக்கவில்லை; உடம்பில் குத்தியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உதிர்த்து ஓரமாக வைத்தது, அய்யணனின் இயந்திரத்தைச் சாயாமல் தாண்டியது, கண்மாய்க் கரையில் விளையாடிய பிள்ளைகள் ஒதுங்கும் வரை காத்து நின்றது, பிறகு குறைந்த உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மேற்கே நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் சுடர்க்கொடியைச் சூழ்ந்துகொண்டது. “வீட்டுக்கு வந்தவங்களப் பேசுற பேச்சாடி இது?” என்றாள் பஞ்சவர்ணம், அவள் வீட்டுப் புதுப் படிக்கட்டில் நின்றபடி. “படிக்க வச்ச லட்சணம்!” என்றார் மீனாட்சிசுந்தரம். ஒரு லோடு எடுத்தவர்கள் சொன்னார்கள், மூன்று லோடு எடுத்தவர்கள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். விருந்தாளியை விரட்டிய பாவம் ஊரையே பிடிக்கும் என்றார்கள். யார் முகத்திலும் பாசாங்கு இல்லை, அத்தனை பேரும் உண்மையாகவே மனம் நொந்துபோயிருந்தார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

வீருசின்னம்மா உள்ளே போய் மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், மடிப்புக் கலையாமல், எப்போதும் வைப்பது போலவே, பையின் வாயை மூடி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மதுரைக்குப் போகும் பேருந்துகளில் ஒன்று சாலை பிரியும் கீழச்சோலை விலக்கைச் சுற்றிக்கொண்டு போகும், ஒரு மணி நேரம் கூடுதல். சுடர்க்கொடி அதில்தான் ஏறினாள். ஜன்னலோரம் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் பலாப்பழத்தோடு. விலக்கை நெருங்கும்போது வண்டியில் எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினார்கள், ஓட்டுநர்கூட வேகத்தைக் குறைத்தார். “எம்புட்டு அழகா இருக்கு, பாத்தியாம்மா!” என்றாள் அந்த அக்கா.

சுடர்க்கொடி பார்த்தாள். கீழச்சோலையின் ஓட்டு வீடுகள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் தென்னை தெரிந்தது, தென்னைக்குப் பின்னால் வானம் தெரிந்தது. கரடு நிற்க வேண்டிய இடத்தில் வேறு ஒன்றும் இல்லை.

“ஒரு பக்கம் எந்தப் பாவியோ அறுத்திருக்கான்” என்றாள் அந்த அக்கா, கண்ணாடியில் விரலை வைத்து.

“நல்லா நிக்குதாக்கா?”

“எது, கரடா? நல்லாத்தான் நிக்குது. ஏன், உனக்குத் தெரியலயா?”

“இல்லக்கா,” என்றாள் சுடர்க்கொடி. “எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.”